ஆடியிலேயே அனுப்பிவையுங்கள், சித்தி

அன்புள்ள சித்திக்கும் சித்தப்பாவுக்கும்,

நலம். அங்கே எல்லோரும் நலமா? ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மலைப்பக்கம் சாரல் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். இங்கே இரவு ஒன்பது மணிவரை வெயில் அடிக்கிறது.

சின்னவள் பிஎச்.டி. படிக்க அமெரிக்கா வருவதற்கு ஆவணி பிறந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பது என்று சித்தப்பா சொல்லிவிட்டதாக அறிந்தேன். போனில் பேசினால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். ஆச்சிக்கும் படித்துக் காட்டுங்கள்.

அவளைச் சேர்த்துக்கொண்டதாகப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் படிப்பு தொடங்கும் தேதி ஆகஸ்ட் 14 என்று போட்டிருக்கிறது. ஆவணி முதல் தேதி வருவதோ ஆகஸ்ட் 17. படிவத்தில் உள்ள தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். முடியாதென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு முன்பே எழுதி அனுமதி வாங்கவேண்டும். அனுமதி இல்லாமல் பிந்திப்போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே சிக்கல். எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்கள் அந்தத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்தே நாட்டுக்குள் வரலாம். ஆடியில் பெண்ணை அனுப்ப உங்களுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆடிப்பெருக்கை ஆகாத நாள் என்று யார் சொல்லப்போகிறார்கள்? அது ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் வருகிறது. அன்று காலையில் தாமிரபரணியில் குளித்துவிட்டு, இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் அவள் சென்னைக்கு ஏறட்டும். ஆச்சி சம்மதித்தால் நீங்களும் சம்மதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாடம் ஆகஸ்ட் கடைசியில்தானே தொடங்குகிறது, ஒரு வாரம் பிந்தினால் என்ன என்று சித்தப்பா கேட்டாராம். எங்கள் துறையில் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கும் அந்த வாரத்தில் நானும் உதவிக்கு நிற்கிறேன். அந்த வாரத்தைத் தவறவிட்டவர்கள் பிறகு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வந்ததும் பாஸ்போர்ட், விசா, ஐ-20 எல்லாவற்றையும் காட்டிப் பதிவு செய்யவேண்டும். இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலப் பேச்சுச் சோதனையைப் பல இடங்களில் அப்போதுதான் வைப்பார்கள். சம்பளம் வாங்க சோஷியல் செக்யூரிட்டி எண் என்று அரசாங்கம் தரும் எண் வேண்டும். அதற்கு, நாட்டுக்குள் வந்து 10 நாள் கழித்து விண்ணப்பிப்பது நல்லது என்று சொல்கிறார்கள். அதற்குள் நம் வருகை அரசாங்கக் கணினியில் ஏறியிருக்கும். பிந்தி வந்தால் இது எல்லாமே பிந்தும். எப்படியும் முதல் சம்பளம் கைக்கு வர செப்டம்பர் கடைசியாகலாம். ஆகவே வீட்டு அட்வான்ஸ், இரண்டு மாத வாடகை, சாப்பாட்டுச் செலவு இவற்றுக்கான பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

இங்கே முனைவர் பட்டப் படிப்பு எப்படி நடக்கிறது என்று சித்தப்பாவுக்குச் சொல்லவேண்டும். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.எஸ்சி. படித்தபோது, பிஎச்.டி. செய்ய நினைத்த அக்காமார் முதலில் ஒரு கைடைத் தேடிப்பிடித்து, அவர் சரி என்ற பிறகுதான் பதிவு செய்வார்கள். இங்கே பல துறைகளில் முதலில் துறைக்குள் வருகிறோம். முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறிமாறி வேலை செய்து பார்த்துவிட்டு, யாரிடம் சேர்வது என்று முடிவு செய்கிறோம். முதல் இரண்டு வருடம் வகுப்புகள். அதன்பின் ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறினால் நான்கைந்து பேராசிரியர்கள் கொண்ட குழுவின் முன் ஆய்வுத் திட்டத்தை வைத்து ஒப்புதல் பெறவேண்டும். பிறகு ஆராய்ச்சி, ஆய்வேடு, எல்லோரும் வந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வு. ஐந்து ஆறு வருடங்கள் ஆவது வழக்கம்தான். மூன்றாம் வருடமே தெருவில், ‘இன்னும் முடிக்கவில்லையா?’ என்று கேட்கத் தொடங்குவார்கள். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவளிடமும் சொல்லிவிட வேண்டாம்.

இந்த விதிகள் எல்லாம் துறையின் கையேட்டில் அச்சிட்டபடி இருக்கும். சேர்ந்த வருடத்துக் கையேடுதான் பொதுவாக அவளுக்குப் பொருந்தும். அதை இறக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதிப்பெண் சராசரி, 4-க்கு 3-க்குக் கீழே போகக்கூடாது; போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும், உதவித்தொகைக்கும் ஆபத்து. இன்னொன்று, பருவத்துக்கு இத்தனை கிரெடிட், அதாவது இவ்வளவு பாடச்சுமை, என்ற கணக்கு. பல இடங்களில் அது 9. பாடம் கடினமாக இருக்கிறதே என்று ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் கணக்குக் குறையும், குறைந்தால் விசாவே கேள்விக்குள்ளாகும். தென்தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் இங்கே அப்படித்தான் ஒரு பாடத்தை விட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தான். பட்டியலைச் சரிபார்த்த அலுவலகப் பெண்மணி கண்டுபிடித்து, கடைசித் தேதிக்குள் வேறொரு பாடத்தில் சேர்த்துவிட்டார். உடல்நிலை போன்ற காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைக்க முறையான வழி உண்டு. ஆனால் விடுவதற்கு முன்பே கேட்கவேண்டும். வீடு மாறினால் 10 நாளைக்குள் முகவரியைத் தெரிவிக்கவேண்டும். பருவம் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வெளியே கடையில், ஓட்டலில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்ய யாராவது கூப்பிட்டால் போகவே கூடாது.

சித்தி, உண்மையில் என் கவலை இந்த விதிகளைப் பற்றியது இல்லை. சின்னவள் கெட்டிக்காரி, விதிகளை ஒரே நாளில் படித்துவிடுவாள். அவள் வாய் திறந்து கேட்பாளா என்பதுதான் என் கவலை. பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தபோது ஆசிரியர் அறைக்கு வெளியே, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்கப் பழகியவள் அவள். நம் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். இங்கே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்கென்றே அறைக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். போன வருடம் நம் நாட்டுப் பெண் ஒருத்தி, நோட்டை மார்போடு அணைத்தபடி அந்தக் கதவருகே வெகுநேரம் நின்றாள். உள்ளே அவர் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிட விளக்கம்தான். பேசாமல் இருப்பதை மரியாதை என்று நாம் நினைக்கிறோம். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ‘போய்க் கேள்’ என்று நீங்கள் இருவரும் உங்கள் வாயால் சொல்லி அனுப்பவேண்டும். நீங்கள் சொன்னால் அது அனுமதிபோல அவளுக்கு உள்ளே நிற்கும்.

நம் ஊர்த் தேர்வில் புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதியவர்களுக்குத்தான் முதல் மதிப்பெண். இங்கே ஒருவருடைய வரியை அவர் பெயர் சொல்லாமல் எடுத்து எழுதினால் அது திருட்டு. தெரியாமல் செய்தேன் என்றாலும் விசாரணை உண்டு, படிப்பே போகலாம். பல்கலைக்கழகங்களில் எழுத்துக்கு உதவும் மையம் ஒன்று இருக்கும், கட்டணம் கிடையாது. நமக்காக எழுதித் தரமாட்டார்கள். கூட உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் என்ன சொல்ல வருகிறாய்?’ என்று கேட்டுக் கேட்டு நம்மையே திருத்த வைப்பார்கள். முதல் கட்டுரையையே அங்கே கொண்டுபோகட்டும்.

துறை அலுவலகத்தில் முதுநிலை மாணவர்களுக்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். எந்தப் படிவம், எந்தத் தேதி, யார் கையெழுத்து என்பது பேராசிரியர்களைவிட அவருக்குத்தான் தெரியும். எங்கள் துறையில் இருப்பவருடைய மேசையில் ஒரு பெரிய மாத நாட்காட்டி. கடைசித் தேதிகள் எல்லாம் சிவப்பு மையில் இருக்கும். பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. அழுதுகொண்டே வருகிறவர்களுக்காக அதை வைத்திருப்பதாக அவரே என்னிடம் சொன்னார். முதல் வாரத்திலேயே அவளுடைய துறையில் அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லிவிட்டு வரட்டும்.

மனநல ஆலோசனைப் பிரிவைப் பற்றியும் சொல்கிறேன், சித்தி பதறவேண்டாம். அவள் போகும் வடக்கு மாநிலத்தில் டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். எவ்வளவு தைரியசாலிக்கும் ஒருமுறை மனம் சோரும். அங்கே போய்ப் பேசுவது நோயாளிக்கு மட்டும் உரியது என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. பேசியது துறைக்கும் பொதுவாகப் போகாது. அவள் போனதாகச் சொன்னால், ‘நல்லது’ என்று சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு செய்தி. மதிப்பெண்ணைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் எழுதினால் பதில் வராது. மாணவர் பதிவுகளைப் பற்றிய இந்த நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அவற்றைப் பார்க்கும் உரிமை மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. அவள் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குக்கூடப் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். பள்ளியில் ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். இனி அவளாகச் சொல்வதுதான். அவள் நிச்சயம் சொல்வாள்.

கொண்டுவரவேண்டியவற்றில் முக்கியம் தடுப்பூசிச் சான்றுகள். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் பல இடங்களில் அடுத்த பருவத்துக்குப் பதிய விடமாட்டார்கள். காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பிறந்தவுடன் காசநோய்க்குத் தடுப்பாகப் போட்ட பி.சி.ஜி. ஊசியால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நம்மவர்களுக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையாகச் செய்யும்படி அவள் கேட்டு வாங்கவேண்டும். பல் சிகிச்சை ஏதாவது பாக்கி இருந்தால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். இங்கே மாணவர் காப்பீட்டில் பல் பெரும்பாலும் சேராது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு வைத்தால் போதும். அரிசி, பருப்பு எல்லாம் இங்கே கிடைக்கும், பெட்டியை அடைக்கவேண்டாம்.

நான் இருக்கும் ஊரிலிருந்து அவள் ஊருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். நினைத்தவுடன் ஓடிவர முடியாது. அதனால் அவள் முதலில் என்னிடம் இறங்கி, சில நாள் தங்கி, வங்கிக் கணக்கும் போன் எண்ணும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஆடிப்பெருக்குக்கு டிக்கெட் எடுத்ததும் விமான எண்ணை அம்மாவிடம் கொடுங்கள். நான் விமான நிலையத்துக்கு வந்துவிடுவேன்.

ஆச்சிக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்