பேர் தெரியாத வெட்ஜ்

மச்சான்,

ஏழு மாசமாகப் பதில் இல்லை என்று நீ திட்டி அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை உன் தங்கச்சியும் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். வாட்ஸப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவாய்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஆஸ்டினில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். சின்னவனுக்குப் பதினாலு வயசு, பேசுவதை நிறுத்திவிட்டான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம்ம சிநேகிதன் பூனை சொன்னான். நானே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், தப்புதான், அம்மாவிடம் சொல்லிவிடு. என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் வெட்ஜ், கோல்ஃபில் கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிற அந்தக் கிளப். சிரிக்காதே.

பத்து நாளுக்கு முன்னால், சனிக்கிழமை, எங்கள் ஆட்டக் கூட்டத்தில் டாக்டர் வரவில்லை. நானும், காஸ்ட்கோ கடையிலேயே எல்லாம் வாங்குகிற நம்ம 'காஸ்ட்கோ'வும் அவன் மைத்துனனும்தான். (காஸ்ட்கோ இப்போது வெட்ஜும் அங்கேதான் வாங்கியிருக்கிறான், மூன்று கிளப்பும் சேர்த்து 160 டாலர், ரொட்டிசெரி கோழி வாங்கப் போன இடத்தில். நீ வந்தபோது அவன் வாங்கிய அந்த இருபது கிலோ பாதாம் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) நாலாவது ஆளாக, ஆட்களை வரிசையாக ஆட இறக்கிவிடுகிற ஸ்டார்ட்டர் ஒரு கிழவரைச் சேர்த்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கார்ட் எடுக்காமல் பையைத் தள்ளிக்கொண்டே நடந்தார். தூர அடிக்கான டிரைவர் கிளப்பில் 180 கெஜம் போனால் அதிகம். ஆனால் குழியும் கொடியும் இருக்கிற கிரீனுக்கு ஐம்பது கெஜத்துக்குள் வந்துவிட்டால் ஆள் வேறு, பந்தைக் கையால் கொண்டுபோய் வைப்பது மாதிரி வைத்தார். ஏழு குழி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் கேட்டே விட்டேன், அது என்ன கிளப் என்று.

எடிசன். நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் கேள்விப்பட்டதே இல்லை. பல்பு கம்பெனியா என்று காஸ்ட்கோ தமிழில் கேட்டான்.

கையில் வாங்கிப் பார்த்தேன். நம்முடைய வெட்ஜ் எல்லாம் எப்படி இருக்கும்? கீழே கனமாக, மேலே போகப் போகத் தகடு மாதிரி மெலிந்து. இது அப்படி இல்லை. மேல் பாதியும் தடியாக, அரிவாளின் முதுகு மாதிரி இருந்தது. முகத்தில் கோடு கோடாக இருக்கிற குரூவுக்குள் காய்ந்த களிமண், அதை அவர் ஒரு ஐந்து சென்ட் காசால் சுரண்டிக்கொண்டே, "அடிச்சுப் பாரேன்" என்றார். பின்னால் யாரும் வரவில்லை. மூன்று பந்து போட்டார்.

முதல் பந்தைத் தலையில் தட்டினேன், கிரீனைத் தாண்டி வேலிவரை ஓடியது. இரண்டாவது, மச்சான், எனக்கே நம்பிக்கை வரவில்லை. பந்து கிளப் முகத்தில் கொஞ்சம் மேலே பட்டது என்று கைக்குத் தெரிந்தது. என் பழைய 56 டிகிரி வெட்ஜில் அப்படிப் பட்டால் பந்து செத்த மாதிரி மேலே போய் பாதியில் விழும், எனக்கும் பங்கர் என்கிற மணல் குழிக்கும் உள்ள உறவு அதில் வந்ததுதான். இதில் டக் என்று ஒரு அடங்கிய சத்தம், பந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் ஒரு குதி குதித்து நின்றது. மூன்றாவது பந்துக்கு முன்னால் மண்ணை வெட்டினேன். ஒரு தட்டு அளவுக்கு மண் பறந்தது, பந்து நாலடி நகர்ந்தது.

மூன்றில் ஒன்று. அந்த ஒன்று கிளப்பால் வந்ததா, தற்செயலா? பத்து நாளாக இதுதான் என் மண்டையில் ஓடுகிறது. ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படித்ததைச் சொல்கிறேன், கேள். செய்கிறவர் டெரி கோலர் என்று ஒரு டெக்சாஸ்காரர். நேற்று முளைத்தவர் இல்லை, எய்டலான், ஸ்கோர் என்று வெட்ஜுக்காகவே கம்பெனி நடத்தி, நடுவில் பழைய சாம்பியன் பென் ஹோகன் பெயரிலிருந்த கம்பெனியை மறுபடி எழுப்பிப் பார்த்து, இப்போது இது. அவர் வாதம் எளிமையானது. டூரில் ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரன் நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறான், அவனுக்குப் பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில், அதே இடத்தில் படும். வெட்ஜ்களை அவனுக்காகவே செதுக்குகிறார்கள். வாரம் ஒரு தடவை ஆடுகிற நம்மைப் போன்றவர்களுக்குப் பந்து மேலே மேலே படுகிறது, அங்கே இரும்பே இல்லை. அயர்ன், டிரைவர், பந்தை உருட்டுகிற பட்டர் என்று மற்ற கிளப் எல்லாவற்றிலும் தப்படியை மன்னிக்கிற மாதிரி எடையைப் பரப்பியிருக்கிறார்கள். வெட்ஜ் மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது என்கிறார். எந்திரக் கையை வைத்து அடித்துப் பார்த்தோம், மேலே பட்டாலும் தூரமும் சுழற்சியும் குறையவில்லை என்றும் சொல்கிறார். அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, தன் மோர் புளிக்கும் என்று எந்த மோர்க்காரி சொல்வாள்? ஆனால் என் கிளப் முகத்தில் பந்து பட்ட தடம் இருக்கிறதே, அது பொய் சொல்லாது. நேற்று ராத்திரி கராஜில் விளக்குப் போட்டுப் பார்த்தேன், தேய்ந்து பளபளப்பாக இருக்கிற இடம் நடுவுக்கு மேலேதான் இருக்கிறது. உன் தங்கச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

இன்னொன்று, இதுதான் என்னை ரொம்ப இழுக்கிறது. இந்த ஊர் மண் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? டாலஸ் சுற்றுவட்டாரம் முழுக்க நம்ம கரிசல்தான். ஆகஸ்டில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பெர்முடா புல்லுக்கு அடியில் சிமென்ட் தரை. ஏப்ரலில் மழை பெய்தால் அதே இடம் களி. ஆகஸ்டில் பவுன்ஸ், அதாவது முன்விளிம்புக்குக் கீழே அடிப்பாகம் புடைத்து நிற்கிற அளவு, குறைந்த வெட்ஜ் வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பாகம் தரையில் மோதிக் குதித்துப் பந்தின் வயிற்றில் அடிக்கும். ஏப்ரலில் பவுன்ஸ் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் மண்வெட்டி மாதிரி உள்ளே போய்விடும். அதற்காக வோக்கி என்கிற பெரிய பிராண்டில் எஃப், எஸ், எம், கே என்று எழுத்து எழுத்தாக கிரைண்ட், அதாவது அடிப்பாகத்தைச் சீவுகிற வகை, வைத்திருக்கிறான், அதில் 'டி' என்று தமிழில் எழுதினால் இரண்டு இருக்கிறது, எந்த டி என்று ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற பெரிய கடையில் ஒரு பையன் என்னைப் பச்சைப் பாயின் மேல் நிற்க வைத்து ஆறு பந்து அடிக்கச் சொல்லிவிட்டு, சார் உங்களுக்கு இதுதான் என்று கையில் கொடுத்தான். பாயில் ஏதடா ஆகஸ்டும் ஏப்ரலும்? கோலர் தன் கிளப்பின் அடிப்பாகத்தில் முன்விளிம்பை ஒட்டி அதிக பவுன்ஸும் அதற்குப் பின்னால் குறைந்த பவுன்ஸும் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டு மண்ணுக்கும் ஒரே கிளப் என்பது கணக்கு. நடக்குமா என்று தெரியாது, ஆனால் யோசித்திருக்கிறான் மனுஷன்.

இதைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். மாட்டிக்கொண்டேன். டாக்டர் ஃபோனிலேயே சிரித்தார். "டூர்ல எத்தனை பேர் வச்சிருக்காங்க?" என்றார். ஒருத்தரும் எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "திரும்ப வித்தா எவன் வாங்குவான்?" இது காஸ்ட்கோ. அதுவும் நியாயம்தான், வோக்கியைப் பழசாக விற்றால் பாதி விலையாவது வரும். "ஃபோர்ஜ் பண்ணினதா?" இது மைத்துனன், அடித்துச் செய்ததா என்று. ஆமாம் என்றதும், "அப்ப ஃபீல் நல்லா இருக்கும்" என்றான், தான் வைத்திருக்கும் வோக்கி வார்ப்பு என்று தெரியாமலே. நான் சொல்லவில்லை, பாவம். நீ கோயம்புத்தூர் கணபதியில் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், உனக்குத் தெரியும். வார்த்தது, அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் கண்டுபிடிக்க முடியும் என்று எவனாவது சொன்னால் எங்கப்பா அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். இந்தக் கிளப்களை வார்க்கிற முறையும் சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிறார்களே, மெழுகில் செய்து, மேலே பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுவது, அதேதான். நடராஜரைக் கும்பிட்டுவிட்டு வார்ப்பு மட்டம் என்பார்கள்.

அப்பாவைச் சொன்னேன் இல்லையா. சொல்ல வந்ததே அதுதான் போலிருக்கிறது, எங்கெங்கோ சுற்றிவிட்டேன்.

டாக்டர் சிரித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா ஒரு பெரிய பம்ப் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயும் நானும் லேத்துக்கு அடியில் சுருள் பொறுக்குவோம். நாம் ஒன்பதாவது படித்தபோது அவருக்கு ஒரு வேகம் வந்து, நம்ம பேரிலேயே போடலாம் என்று அம்மா பெயரில் ஒரு லேபிள் அடித்தார். அதே வார்ப்பட்டறையில் வார்த்த பாடி, அதே பேரிங், அதே ஆள் சுற்றிய காயில். விலை 400 ரூபாய் குறைவு. மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கிற மோனோபிளாக் நாற்பது செய்தார். அவர் டிவிஎஸ் 50-ல் நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு அன்னூர், அவிநாசி, சூலூர் என்று போனோம். எல்லா ஊரிலும் ஒரே பதில். மோட்டாரைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், "நல்லாத்தான் இருக்குதுங், ஆனா இந்தப் பேரு கேட்டதில்லீங்களே" என்பார்கள். பதினொன்று விற்றது. மீதி இருபத்தொன்பதில் தகட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய கம்பெனிக்கே கொடுத்தார், அவர்கள் தங்கள் தகட்டை அடித்து விற்றார்கள். தகடு கழற்றுகிற அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது நான். அப்பா என்னிடம் ஒன்றுமே பேசவில்லை, ஒவ்வொரு தகட்டையும் துணியால் துடைத்து ஒரு சிகரெட் டப்பாவில் போட்டார்.

இப்போது நான் ஏழாவது குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கிழவரின் கிளப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அந்த அன்னூர்க்காரர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, மச்சான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அப்பா கதை ஒரு பக்கம், வெட்ஜ் ஒரு பக்கம். பேர் தெரியாது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. "பெரிய கம்பெனிக்காரன் உன்னை ஏமாற்றுகிறான், நான் மட்டும்தான் உனக்காக யோசிக்கிறேன்" என்பதும் ஒரு வியாபாரப் பேச்சுதான், அது என்னைப் போன்ற ஐம்பதைத் தொடுகிற ஆளின் காதில் நன்றாக ஏறும். அதே சமயம், முதன்முதலில் வந்த எல்லாமே பேர் தெரியாததுதான். ஜீன் சாரசன் என்கிற அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் தன் கிளப்பின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்து ராவி ராவி மணலிலிருந்து பந்தை எடுக்கிற ஒரு சேண்ட் வெட்ஜ் செய்து, 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்குக் கொண்டுபோனபோது அதிகாரிகள் கண்ணில் படாமல் பைக்குள் தலைகீழாக வைத்திருந்தாராம். ஜெயித்தார். அப்புறம் வில்சன் கம்பெனி அதை ஆர்-90 என்று பெயர் போட்டு விற்றது. பற்றவைக்கிற வரைக்கும் அவரைப் பார்த்தும் எவனாவது ஒரு டாக்டர் ஃபோனில் சிரித்திருப்பான்.

உண்மையைச் சொன்னால் என் 56 டிகிரி 2009-ல் வாங்கியது. அந்தப் பழைய கூர்மையான குரூவ், 2010-ல் டூர் ஆட்டக்காரர்களுக்குத் தடை செய்தார்களே, அந்த வகை. நம்மைப் போன்றவர்களை விட்டுவைத்தார்கள். நானும் ஏதோ கள்ளச் சாராயம் வைத்திருக்கிற மாதிரிப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது நகத்தை வைத்துத் தேய்த்தால் நகம் வழுக்குகிறது, சட்டம் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக, ஏதோ ஒன்று வாங்கியே ஆக வேண்டும். அது தெளிவு.

இந்த நேரத்தில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். செட்டிப்பாளையம் கோல்ஃப் மைதானத்தில் மயில் கத்திக் கத்தி என் பட்டிங்கைக் கெடுத்த அன்றைக்கு, நீ ஒரு வெட்ஜ் வைத்திருந்தாயே, பை தூக்குகிற கேடி ஒருத்தர் உனக்கு 600 ரூபாய்க்கு விற்றது, பின்பக்கம் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் என்ன கம்பெனி என்றே தெரியாதது. அதை வைத்துத்தானே என்னிடம் 800 ரூபாயும் ஒரு பிரியாணியும் பிடுங்கினாய். பந்து நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேடி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அது இன்னும் வலிக்கிறது. அதன் லாஃப்ட், முகத்தின் சாய்வு, எவ்வளவு என்று இதுவரை நீ அளந்துகூடப் பார்க்கவில்லை. உன்னிடம் போய் ஆலோசனை கேட்கிறேன் பார்.

இருந்தாலும் கேட்கிறேன். செட்டாக வாங்கப் போவதில்லை, 56-க்குப் பதில் ஒன்றே ஒன்று. எடிசனை ஒன்பது நாளாக இணையக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், எடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. கிழவர் அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொன்னார், இன்னும் பத்துப் பந்து கேட்கலாம் என்று இருக்கிறேன். பத்தில் மேலே படுகிற பந்துகளை மட்டும் எண்ணப் போகிறேன், மற்றது எனக்கு வேண்டாம். பாதியாவது கிரீனில் நின்றால் வாங்கிவிடுவேன். டாக்டரிடம் சொல்லாதே, அவர் தனியாக உனக்கு மெசேஜ் போடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு வேலை இருக்கிறது, இதை மறக்காதே. விற்ற அந்தப் பதினொன்றில் ஒன்றை அன்னூரில் உங்கள் அப்பிச்சி வாங்கினார். அப்பாவுக்காக வாங்கினாரா, 400 ரூபாய்க்காக வாங்கினாரா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. போன தடவை நான் வந்தபோது தோட்டத்தில் இன்னும் ஓடுகிறது என்று நீ சொன்னாய், நேரம் இல்லாமல் நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனால் மோட்டார் ரூமைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. தகடு இருக்கிற பக்கமாக எடு.

இப்படிக்கு,
உன் தங்கச்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் மச்சான்

பி.கு.: பிரியாணிக் கணக்கு தீர்ந்துவிட்டது. 800 ரூபாயைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது, ஒன்பதாவது குழியில் நீ ஒரு அடியை விட்டுவிட்டு எண்ணினாய் என்பதற்கு இப்போது என்னிடம் சாட்சி இருக்கிறது. பூனை.