அவசரப் பொத்தானின் மறுமுனையில் யார் இருக்கிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகக் கட்டடங்களின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, கண்காணிப்புக் கேமராக்களையும் தீயணைப்புக் கருவிகளையும் விரிவாகப் பேசியது. ஆனால் வாசல் கதவருகிலும் லிப்டுக்குள்ளும் வாகன நிறுத்தத் தளத்தின் தூண்களிலும் பொருத்தப்பட்டிருக்கும் அழைப்புப் பெட்டிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இவற்றைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், கட்டடங்களைக் கட்டுவோரும் நிர்வகிப்போரும் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவற்றை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வருகையாளர் அழைப்பையும் அவசர அழைப்பையும் ஒரே இன்டர்காமில் இணைத்து, இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தத் தவறு.

பார்வைக்கு இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பொத்தான், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், சிலவற்றில் ஒரு சிறு கேமரா. வாசலில் நிற்பவர் பொத்தானை அழுத்தினால், அவரை உள்ளே விடலாமா என்று உள்ளிருப்பவர் முடிவு செய்கிறார். பதில் வராவிட்டால் வந்தவர் சற்றுக் காத்திருப்பார், கைபேசியில் அழைப்பார், அல்லது திரும்பிப் போவார். லிப்டில் சிக்கிக்கொண்டவருக்கும், நிலத்தடித் தளத்தில் நெஞ்சுவலியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் இந்த வழிகளில் எதுவும் இல்லை. அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதே பல கட்டடங்களில் அரிது. ஆகவே முதல் பெட்டியில் பதில் வராதது ஒரு தொந்தரவு, இரண்டாவதில் அது உயிருக்கே ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக வளாகத்தில் வாசல் பேனல் பழுதாகிவிட்டது என்று அழைத்திருந்தார்கள். வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கிளம்புமுன், வழக்கம்போல, இரண்டாம் நிலத்தடித் தளத்தில் நின்ற லிப்டுக்குள் போய் அவசரப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அழைப்பு வரவேற்பு மேசைக்குப் போனது. அங்கே அந்நேரத்தில் ஆள் இல்லை. சிறிது நேரம் ஒலித்துவிட்டு ஒரு கைபேசி எண்ணுக்குத் தாவியது. எடுத்துப் பேசியவர் அந்த வளாகத்தின் மேலாளராக முன்பு இருந்தவர். அவர் வேலையை விட்டு விலகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வேறு ஊரில் குடியிருந்தார். அவர் பொறுமையாகக் கேட்ட கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை: "நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

அன்று அந்த லிப்டில் நின்றது நான், கதவு திறந்திருந்தது, என் கையில் கருவிப் பெட்டி இருந்தது. மாட்டிக்கொண்ட ஒரு முதியவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? எந்தப் பெட்டியிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை அந்தப் பெட்டியே சொல்ல வேண்டும். கட்டடத்தின் பெயர், தளம், லிப்டின் எண் அல்லது தூணின் எண் ஆகியவை பதிலளிப்பவரின் திரையில் தானாகத் தெரிய வேண்டும். அதே எண் பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கவும் வேண்டும், ஏனென்றால் உதவிக்கு ஓடிவருபவர் அதைத் தேடித்தான் வருவார்.

வருகையாளருக்கான ஏற்பாட்டை அவசரத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் சான்றாக இருக்கிறது. 2013 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில் கேரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். வெளி இணைப்புக்கு முதலில் இன்னொரு 9ஐ அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாததால் ஒரு முறையும் அழைப்பு போகவில்லை, தாய் இறந்துபோனார். அவர் பெயரால் இயற்றப்பட்டு 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், அதன்பின் நிறுவப்படும், விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் பல தொலைபேசிகளை ஒன்றாக இணைக்கும் அமைப்புகளில் அவசர எண் எந்த முன்னெண்ணும் இல்லாமல் நேராகப் போக வேண்டும் என்றும், அதே வேளையில் கட்டடத்துக்குள் பொறுப்பான ஒருவருக்கும் தகவல் போக வேண்டும் என்றும் சொல்கிறது. அழைப்பு வெளியே நேராகப் போவதும் உள்ளே தகவல் தெரிவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

லிப்டுகளைப் பொறுத்தவரை ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் இஎன் 81-28 என்ற தரநிலையைப் பிற இடங்களின் கட்டட உரிமையாளர்களும் படித்துப் பார்க்கலாம். லிப்டுக்குள்ளிருக்கும் கருவி மூன்று நாட்களுக்கு ஒருமுறையாவது தானாகவே மறுமுனையை அழைத்து, தான் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் குறைந்தது ஒரு மணி நேரம் பேட்டரியில் இயங்க வேண்டும். அழைப்பு அனுப்பப்பட்டதும் மஞ்சள் விளக்கும், அது மறுமுனையில் பதிவானதும் பச்சை விளக்கும் எரிய வேண்டும். காது கேளாதவருக்கு அந்தப் பச்சை விளக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். கேட்க இயலாதவரும் பேச இயலாதவரும் எழுத்து வழியாகத் தொடர்புகொள்ளும் வசதி வேண்டும் என்று அமெரிக்க லிப்ட் விதித்தொகுப்பின் 2019 பதிப்பும் கேட்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை மாட்டிவிட்டு, இப்படிப்பட்ட வசதிகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. தரையிலிருந்து 48 அங்குலத்துக்கு மேல் பொத்தான் போகக் கூடாது.

மின்சாரம் பற்றிச் சொன்னேன். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே அந்தக் கம்பி வழியாக வந்தது. கட்டடம் இருண்டாலும் அவசரத் தொலைபேசி பேசியது. அந்தக் கம்பிகள் இப்போது ஒவ்வொரு நாடாக விலக்கப்படுகின்றன. பிரிட்டனில் 2027 ஜனவரிக்குள் பழைய தொலைபேசி வலையமைப்பை முழுவதும் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். புதிய பெட்டிகள் இணையக் கம்பியில் ஓடுகின்றன. இணையக் கம்பி வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச் என்ற வலையமைப்புக் கருவி, அதற்கு மேலுள்ள ரௌட்டர் ஆகியவற்றில் ஒன்றுக்கு யூபிஎஸ் இல்லாவிட்டாலும், மின்தடை வந்த கணத்திலேயே எல்லாப் பெட்டிகளும் ஊமையாகிவிடும். லிப்டுகள் நடுவழியில் நின்றுபோவதும் அதே கணத்தில்தான். சிம் கார்டு வைத்த கருவிகளுக்கு வேறு கவலை இருக்கிறது: அமெரிக்காவின் பெரிய கைபேசி நிறுவனங்கள் 2022இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கருவிகள் அழைப்பை அனுப்பும் வழியை இழந்தன. தங்கள் கட்டடத்துக் கருவி எந்தத் தலைமுறை வலையமைப்பில் ஓடுகிறது என்று உரிமையாளர்களைக் கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

வாசல் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெயர்ப்பட்டியலில் அலுவலக அறை எண்ணை அப்படியே காட்டாமல் தனிக் குறியெண் கொடுங்கள். மக்கள் வெளியேறும் வழியில், மின்சாரம் இருக்கும்வரை கதவை இறுக்கிப் பிடித்திருக்கும் காந்தப் பூட்டு, தீ எச்சரிக்கை ஒலித்ததும் மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை என்பதே எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அவசர அழைப்பை இருபத்து நான்கு மணி நேரமும் ஆளிருக்கும் இடத்துக்குத் தனியாகத் திருப்பிவிடுவது, பெரும்பாலான அமைப்புகளில் அரை நாள் வேலை. பணியை விட்டு விலகுபவரின் எண்ணை அன்றே நீக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இவற்றைச் செய்ய வேண்டியவர் யார் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. லிப்ட் நிறுவனம் இன்டர்காம்காரரைக் கைகாட்டும், இன்டர்காம்காரர் இணையச் சேவை நிறுவனத்தைக் கைகாட்டுவார், காவலருக்கோ பெட்டி இருப்பதே தெரியாது. ஒவ்வொரு அவசரப் பெட்டியின் மீதும் அது கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் சோதித்தவரின் கையொப்பத்தையும் தாங்கிய ஒரு சிறு அட்டை ஒட்டப்பட வேண்டும் என்று விதி செய்தால், இந்தக் கைகாட்டல் நின்றுவிடும். தீயணைப்பான்களில் இவ்வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். தாங்கள் வேலை செய்யும் கட்டடத்தில் காவலரிடமும் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு நாள் இரவு நேரத்தில், ஆட்கள் குறைந்த பிறகு, நிலத்தடித் தளத்திலுள்ள அவசரப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எத்தனை நொடியில் பதில் வந்தது, பேசியவர் யார், தாங்கள் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற மூன்றையும் குறித்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
இன்டர்காம் பராமரிப்புத் தொழிலாளி