அண்ணனுக்கு ஆதாரம் கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்தே ஒரு நடிகரின் ரசிகை. அவர் படங்களில் வரும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு புதுக் கதைகள் எழுதி எங்களுக்குள் படித்துக்கொள்ளும் ரசிகர் வட்டம் ஒன்று உண்டு, நானும் அதில் பல வருடமாக இருக்கிறேன். எழுதவே நான் அங்கேதான் பழகினேன். அதனால் இதை வெளியாள் சொல்லும் புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் அங்கே ஒரு தொடர்கதை வந்தது. நாயகன் மீனவன், ஒக்கிப் புயலில் படகு கவிழ்கிறது, நாயகி கரையில் கிடந்து அழுகிறாள். தண்ணீரில் அவன் மூச்சுத் திணறுவதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு காட்சி வருகிறது என்று மேலே ஒரு வரி போட்டிருந்தால் நான் அதைத் திறந்தே இருக்க மாட்டேன். ராத்திரி படுத்துக்கொண்டு படித்தவள், விடியும்வரை தூங்கவில்லை. என் அண்ணன் ஒக்கியில் போனவன்.

கதையில் வரும் நாயகன் டிவியில் புயல் எச்சரிக்கையைப் பார்க்கிறான், மனைவி தடுக்கிறாள், உதறிவிட்டுக் கடலுக்குப் போகிறான். எனக்கு அதிகம் வலித்தது இதுதான். எங்கள் ஊர்க்காரர்கள் செய்வது தங்கல் தொழில். சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அண்ணன் போன விசைப்படகு 2017 நவம்பர் தொடக்கத்திலேயே கரையை விட்டுப் போய்விட்டது. புயல் உருவானது நவம்பர் 30. ஒரே நாளில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறியது. கரையில் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரத்தில் கிடந்தவர்களின் வயர்லெஸ்ஸுக்கு எப்படிப் போய்ச் சேரும்? 'சொன்னதைக் கேட்காமல் போய்ச் செத்தார்கள்' என்ற பேச்சை அந்த நாட்களிலேயே கேட்டு நொந்தவர்கள் நாங்கள். அதையே இப்போது கதை என்ற பெயரில் சின்னப் பிள்ளைகள் படித்து நம்புகிறார்கள்.

அப்புறம் மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்குகிறது, நாயகி பொட்டை அழிக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது, அது போகட்டும். உடல் எங்கே கிடைத்தது? டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கத்தினோமே, அது தேடச் சொல்லித்தான். தேடும் கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றுங்கள், இடம் அவர்களுக்குத்தான் தெரியும் என்று கெஞ்சினோம். கிடைத்த உடல்களும் முகம் தெரியாமல் கேரளத்துப் பிணவறைகளில் கிடந்தன. அம்மா டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ஒத்துப்போக வேண்டும் என்று ஜெபிப்பதா ஒத்துப்போகக் கூடாது என்று ஜெபிப்பதா தெரியாமல் ஊரில் சிலுவை வைத்து ஜெபிக்கும் குருசடியில் உட்கார்ந்திருந்தாள். ஒத்துப்போகவில்லை. மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு வருடம் அவனுடைய நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தாள். உடல் இல்லை என்றால் இறந்ததாக ஏற்க 7 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் நிவாரணம் கொடுத்தது, சரி. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவன் செத்துவிட்டான் என்று தானே சொன்னதாகிவிடும் என்று மைனி பேனாவையே தொடாமல் இருந்த நாட்கள் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இதையெல்லாம் நான் வட்டத்தில் எழுதினேன். சண்டை போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். 'வெறும் கதைதானே, பிடிக்கலைன்னா படிக்காதீங்க' என்றார்கள். அது பரவாயில்லை. ஒருவர் கேட்டார்: 'உங்க அண்ணன் ஒக்கியில் இறந்ததுக்கு என்ன ஆதாரம்?' அதற்கு நாற்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

ஆதாரம் கேட்டுத்தான் எங்களை ஆபீஸ் ஆபீஸாக நடக்கவிட்டார்கள். படகில் ஏறியதற்கு ஆதாரம், திரும்பி வராததற்கு ஆதாரம். அதெல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரே நடிகருக்கு என்னோடு சேர்ந்து விசில் அடித்தவர்கள் மறுபடியும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. ஒருத்தி தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும்போது நம்ப முடியவில்லை என்றால் பேசாமலாவது இருக்கலாமே.

ஒக்கியைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத வேண்டும். உள்நாட்டுப் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் எழுதலாம். ஆனால் எங்கள் பக்கத்து மீனவ ஊர்களான வள்ளவிளைக்கோ சின்னத்துறைக்கோ ஒரு தடவை வந்து யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள். வர முடியாவிட்டால் எங்களைப் போல வட்டத்துக்குள்ளேயே இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்ல மாட்டோமா? கதைக்கு மேலே, இதில் கடல் சாவு வருகிறது என்று ஒரு வரி போடுங்கள். அதனால் உங்கள் கதையின் ருசி குறையாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அந்தக் கதையின் அட்டையில் கடற்கரையில் தலைவிரித்து அழும் ஒரு பெண்ணின் படம், மேலே நடிகரின் முகம் ஒட்டியிருக்கிறது. அந்த நாட்களில் யாரோ எடுத்த போட்டோ அது. அந்தப் பெண் என் மைனி. அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், அவன் கையிலும் போன் இருக்கிறது. அவன் கண்ணில் படுவதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்