கயலுக்கு, உன் கேள்விக்கான பதில்

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "மாதவிடாயில் அதிகம் போவதற்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் மிரெனா என்ற கருவியை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர், நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்டாய். "கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு?" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். அதன்பின் நீ லீட்ஸில் பெய்யும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்தே நான் சொன்னது தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கருத்தடைக்காக வைக்கும் காப்பர்-டி ஒன்றுதான். நீ பிறந்த பிறகு அதை வைத்துக்கொண்டதில் உதிரப்போக்கு முன்பைவிட அதிகமானது. அந்தப் பயத்தைத்தான் உன்மேல் இறக்கி வைத்தேன். எதிர்வீட்டு மருமகள் மகப்பேறு மருத்துவர் அல்லவா, அவளிடம் உட்கார்ந்து கேட்டேன். இரண்டும் 'டி' வடிவந்தான் என்றாலும், செய்யும் வேலை வேறு வேறாம். நீ சொல்லும் கருவியில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் இருக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் அளவில் அது கர்ப்பப்பைக்குள்ளேயே கசிவதால், மாதாமாதம் தடித்து உதிர வேண்டிய உட்சுவர் மெல்லியதாகவே இருந்துவிடுகிறது, அதனால் போக்கும் குறைகிறது, வலியும் தணிகிறது.

சிலருக்கு ஓராண்டில் மாதவிடாயே நின்றுவிடும் என்று அவள் சொன்னதும், கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா என்று கேட்டேன். அவள் சிரிக்காமல், "உட்சுவரே வளராதபோது வெளியேற என்ன இருக்கிறது, அத்தை?" என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. எடுத்துவிட்டால் பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை என்பதையும், பிள்ளை பெறாதவர்களுக்கும் வைக்கலாம் என்பதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நீ நான்காம் வகுப்புப் படித்தபோது நான் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய இரண்டு வருடம், பாயின்மேல் ரெக்ஸின் விரித்து, பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டு, இரவில் மூன்று முறை எழுந்து மாற்றிக்கொண்டுதான் படுத்தேன். ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு?" என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பின்லாந்தில் 1990 முதலே இந்தக் கருவி கிடைத்தது என்று இப்போது அறியும்போது, எனக்கு வேறு வழி ஒன்று இருந்ததையே யாரும் சொல்லவில்லையே என்ற கோபம் இன்றும் வருகிறது. பெரிய கட்டி போன்ற காரணம் எதுவும் இல்லாத அதிக உதிரப்போக்குக்கு முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்று நீ இருக்கும் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறதாம்.

அதற்காக நல்லதை மட்டும் கேட்டு வந்துவிடவில்லை. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை கணக்கில்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும். பலர் பொறுமையிழந்து எடுத்துவிடுவது அப்போதுதானாம். இருபது பேரில் ஒருவருக்குத் தானாக நழுவி விழலாம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம். முகப்பரு, தலைவலி, மார்பு நோவும் சிலருக்கு உண்டு. வைக்கும்போது வலிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். மரத்துப்போகும் மருந்து தரச் சொல்லி முன்கூட்டியே கேள், கூச்சப்படாதே. போக்குக்கான காரணத்தைப் பார்த்துவிட்டார்களா, ஸ்கேன் வேண்டுமா என்றும் கேள்.

முடிவு உன்னுடையது. வைத்துக்கொள்வதானால் தனியாகப் போகாதே, அறைத்தோழியை அழைத்துக்கொள். அன்று மாலை சமைக்க வேண்டாம். நான் பயன்படுத்திய வெந்நீர்ப் பை பரணில் இருந்தது. ரப்பர் வெடித்திருந்ததால் புதிதாக ஒன்று வாங்கி, பருப்புப்பொடியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா