ஐரோப்பாவுக்குப் போகும் பேஸ்போல் வீரரைத் தோற்றவராக எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் கீழ்நிலைத் தொழில்முறைத் தொடர்களான மைனர் லீக் பேஸ்போலில் சில பருவங்கள் ஆடிவிட்டு இப்போது ஜேர்மனியில் ஆடிவரும் ஒரு வீரரைப் பற்றிய சிறு செய்தி, அண்மையில் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. உச்ச நிலையான மேஜர் லீக்கை எட்ட முடியாமல் போனதோடு அவருடைய விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிட்டதுபோல அச்செய்தி எழுதப்பட்டிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு, பேஸ்போலைப் போலவே பந்தை அடித்து ஓடும் நம் நாட்டு விளையாட்டான எல்லேயும் உதைபந்தாட்டமும் பழக்குவதிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பார்வையோடு என்னால் உடன்பட முடியவில்லை. இத்தகைய வீரர்கள் ஐரோப்பாவில் செய்யும் வேலை நமது திருகோணமலை மாவட்டத்துக் கழகங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மேஜர் லீக்கின் 30 அணிகளும் தமக்குக் கீழே நான்கு படிகளில் அணிகளை வைத்து இளம் வீரர்களைப் புடம் போடுகின்றன. 2021 இல் இந்த இணைப்பு அணிகள் 160 இலிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டன. ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் சுற்றுகள் முன்பு 40 ஆக இருந்து இப்போது 20 ஆகிவிட்டன. கீழ்ப்படிகளில் ஆடியவர்களுக்கு 2021 இற்கு முன்னர் கிடைத்த ஆகக்குறைந்த ஊதியம் வாரத்துக்கு 290 டொலர் மட்டுமே. அதுவும் போட்டிக் காலத்தில்தான் கிடைத்தது. வீரர்கள் சங்கமாகத் திரண்டு 2023 இல் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்ற பின்னரே, நான்காவது படியில் ஆடுபவரின் ஆகக்குறைந்த ஊதியம் ஆண்டுக்கு 26,200 டொலராக உயர்ந்தது. இப்படியான இடத்தில் நான்கைந்து வருடம் தாக்குப்பிடித்து, இருபத்தைந்து வயதளவில் விடுவிக்கப்படும் ஒருவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலே இடங்கள் குறைவு, கீழிருந்து இளையவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் உண்மை.

அத்தகையவர்களுக்கு ஐரோப்பாவில் களம் இருக்கிறது. நெதர்லாந்தின் தேசிய லீக் 1922 இலும் இத்தாலியின் போட்டித் தொடர் 1948 இலும் தொடங்கியவை. இத்தாலியின் நெத்தூனோ கடற்கரையில் 1944 இல் தரையிறங்கிய அமெரிக்கப் படையினரிடமிருந்து பழகிய விளையாட்டை அந்த ஊர் இன்றுவரை கைவிடவில்லை. துறைமுகத்தில் வந்திறங்கிய கடற்படையினரைக் கண்டே வளர்ந்த திருகோணமலை மக்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜேர்மனி, செக் குடியரசு, பிரான்ஸ், ஒஸ்திரியா ஆகிய நாடுகளிலும் லீக்குகள் நடக்கின்றன. உள்ளூர் இளைஞரின் இடம் பறிபோகாதிருக்க, வெளிநாட்டு வீரர்கள் தொடர்பில் இவை கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. பாட்டன் இத்தாலியர் என்று காட்டி இத்தாலியக் கடவுச்சீட்டுப் பெற்று ஆடும் அமெரிக்கர்கள் பலர் உண்டு. சிலர் கோடையில் ஐரோப்பாவிலும், நவம்பர் முதல் அவுஸ்திரேலிய லீக்கிலும் ஆடி ஆண்டை ஓட்டுகிறார்கள்.

என்னைப் பெரிதும் கவர்ந்தது அங்குள்ள ஏற்பாடுதான். மத்திய ஐரோப்பியக் கழகங்கள் பலவற்றில் உள்ளூர் வீரர்கள் வார நாட்களில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு, சனி, ஞாயிறுகளில் ஆடுபவர்கள். வெளியிலிருந்து வருபவருக்குக் கழகம் விமானச் சீட்டும் தங்க ஓர் அறையும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுக்கிறது. அதற்கு ஈடாக அவர் வார இறுதியில் ஆடுவதோடு, வார நாட்களின் மாலைகளில் கழகத்தின் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியும் அளிக்க வேண்டும். ஜேர்மனியில் வசிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது அப்படியொரு மாலைப் பயிற்சியைக் கண்டேன். முதல் நாள் ஆட்டத்தில் பந்தெறிந்த அமெரிக்க இளைஞர், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையனின் முன்னால் முழந்தாளிட்டிருந்து, பந்தின் சிவப்புத் தையலுக்குக் குறுக்காக அவனுடைய இரண்டு விரல்களை வைத்து, பெருவிரலை அடியில் ஒதுக்கிவிட்டு, எறியச் சொன்னார். பந்து நேராகப் போகாதபோதெல்லாம் கோபப்படாமல் மறுபடியும் விரல்களைப் பிடித்து வைத்தார். அவருக்கு ஜேர்மன் மொழி சில சொற்களே தெரிந்திருந்தது. பையனுக்கோ விரல் பழகப் பழக எறி திருந்திக்கொண்டே வந்தது. தொழில்முறைப் பயிற்சியில் அந்த இளைஞர் கற்ற நுணுக்கம், ஒரு பயிற்சி நெறியும் கருத்தரங்கும் இல்லாமல், நேரே ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இதன் பலனை முழுவதும் மைனர் லீக்கிலிருந்து வந்தவர்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. உள்ளூர்ப் பயிற்றுநர்களின் பல்லாண்டு உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும், பெர்லினில் பிறந்து ரேகன்ஸ்பேர்க்கின் பேஸ்போல் பயிற்சி நிலையத்தில் பயின்ற மெக்ஸ் கெப்லர், 2009 இல் தமது 16 ஆவது வயதில் மினசோட்டா ட்வின்ஸ் அணியில் ஒப்பந்தமாகி, 2019 இல் மேஜர் லீக்கில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்கள் 36 அடித்தார். 2011 இல் நெதர்லாந்து இறுதியாட்டத்தில் கியூபாவை வென்று பேஸ்போல் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. 2023 இல் டோக்கியோவில் நடந்த ஆட்டத்தில் செக் அணியின் ஒன்ட்ரே சட்டோரியா, தொழிலால் மின்பணியாளர், ஜப்பானின் நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒஹ்டானியைப் பந்தை அடிக்க விடாமல் ஆட்டமிழக்கச் செய்தபோது (ஸ்ட்ரைக் அவுட்), வேலைக்குப் போய்வந்து ஆடும் கழக வீரரால் எவ்வளவு தூரம் வர முடியும் என்பது தெரிந்தது.

இந்த வாழ்க்கையில் கஷ்டமும் உண்டு. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான். தோளிலோ முழங்கையிலோ காயம் பட்டால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. கையில் சேமிப்பும் மிஞ்சுவதில்லை. அப்படியிருந்தும் ஆடுகிறார்கள், கற்பிக்கிறார்கள். சிலர் அங்கேயே குடும்பமாகி முழுநேரப் பயிற்றுநர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் பணப்பரிசுக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால், வெளிமாவட்டத்திலிருந்து சிறந்த வீரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருகிறோம். அவர்கள் ஆட்டம் முடிந்ததும் இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். கோலுக்குக் கைதட்டிய நம் பிள்ளைகளுக்கு அவர்களிடம் ஒரு பாஸ் கூடப் பழகக் கிடைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நாம் கேட்பதில்லை என்பதுதான் குறை. அழைப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே அழைத்து, தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து, இரண்டு மாலைகளாவது பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சியளிப்பதையும் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள கழகங்களும் இதில் கைகோர்த்தால் செலவு இன்னும் குறையும்.

எல்லேக்கும் இது பொருந்தும். எல்லைக்கோட்டிலிருந்து நேரே எறியும் கைகள் நம் பாடசாலைகளில் குறைவில்லை. கொழும்பு மாவட்டத்துத் தியகமவில் ஜப்பானிய உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்போல் மீண்டும் இடம்பெறுகிறது. ஐரோப்பாவில் வாழும் நம்மவரின் பிள்ளைகள் யாரேனும் அங்குள்ள கழகங்களில் பேஸ்போல் பழகியிருந்தால், விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு வாரம் நம் எல்லே அணிகளோடு நிற்கும்படி பெற்றோர் அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தகைய வீரர்களைப் பற்றி இனிச் செய்தி வெளியிடுகையில், எந்தக் கழகத்தில் ஆடுகிறார் என்பதோடு யாருக்குப் பயிற்சியளிக்கிறார் என்பதையும் கேட்டு எழுதுமாறு தங்களை வேண்டுகிறேன்.

ஓய்வுநிலை உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.