பரணில் கிடைத்த பாஸ்கல்

அன்புள்ள முருகேசா,

முழங்கால் வலி தேவலை என்று நீ எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வெள்ளையடிக்க வேண்டிப் பரணை ஒழித்தோம். நம் கம்ப்யூட்டர் அறையின் டைரி கிடைத்தது. கூடவே ஒரு தகர டப்பா, அதற்குள் பஞ்சில் சுற்றிய இரண்டு சிப். நம் பாஸ்கல் நிரல்மொழி! கையில் எடுத்ததும் கண் கலங்கிவிட்டது.

1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கொடுத்தபோது, நமக்கும் கிடைத்ததே. ஏகார்ன் கம்பெனி 1981இல் கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அது. பிரிட்டிஷ் அரசே பாதி விலை கொடுத்து அங்குள்ள பள்ளிகளை வாங்க வைத்திருந்தது. அந்த மெஷினில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக சோஃபி வில்சன் எழுதிய பேசிக் நிரல்மொழி அருமையானது. பெயரிட்ட துண்டு நிரலாக ப்ரொசீஜர் எழுதலாம், இயந்திர மொழிக்கு அசெம்ப்ளரும் உள்ளேயே உண்டு.

ஆனால் பொறியியல் சேர்ந்த நம் பையன்கள் முதல் விடுமுறைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறதா? "சார், அங்கே பாஸ்கலும் ஃபோர்ட்ரானும்தான் கேட்கிறாங்க. எங்களுக்கு பேசிக் மட்டும்தான் தெரியும்." பாஸ்கல் நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் கேட்டு நாம் மூன்று மனு போட்டோம். மெஷினுக்குத்தான் தொகை, மென்பொருளுக்குத் தலைப்பே இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. பம்புசெட் கொடுத்துவிட்டுக் குழாய் கொடுக்காத கதை அது.

கடைசியில் லண்டனிலிருந்து உன் மச்சினர்தான் வாங்கி வந்தார். கம்பைலரை நிரந்தரமாகப் பதித்த 16 கேபி ரோம் சிப் இரண்டு. மெஷினின் நினைவகமே 32 கேபி, திரையை மோட் 0 என்ற நுண்ணிய காட்சி முறையில் வைத்தால் அதிலேயே 20 கேபி போய்விடும். கம்பைலரையும் அங்கே ஏற்றினால் பையன் எழுதும் நிரலுக்கு ஏது இடம்? அதனால்தான் சிப். மூடியைக் கழற்றி நான் அழுத்தியதில் ஒரு கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு சவர பிளேடால் அதை நிமிர்த்தினாய். சுற்றி நின்ற பையன்களில் ஒருவரும் பேசவில்லை. மறுபடி பொருத்தி, பாஸ்கல் என்று தட்டி, திரையில் பெயர் வந்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே ஓடி வந்தார்.

பேத்திக்கு வந்த அரசு மடிக்கணினியில் சி மொழி படிக்க ஏதாவது காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஒரு பைசா வேண்டாம். லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் இருக்கிறது. 1987 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. நாம் மனு எழுதிய காலத்திலேயே அப்படியொன்று உருவாகிக்கொண்டிருந்திருக்கிறது பார். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பேசச் சொல், உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறேன்.

சிப் இரண்டையும் உனக்கே அனுப்பிவிடட்டுமா? நீ நிமிர்த்திய கால் இன்னும் லேசாகக் கோணலாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
ராஜு