குழந்தை அடிபட்ட செய்திக்குக் கீழே ஒரு உதவி எண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பள்ளி கேட் விழுந்து மாணவன் காயம்', 'மூடாத குழியில் விழுந்த சிறுமிக்குக் கால் முறிவு' என்றெல்லாம் உங்கள் பேப்பரில் அடிக்கடி செய்தி வருகிறது, 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்று அதோடு முடிந்தும் போகிறது. அந்தக் குடும்பம் அப்புறம் எங்கே போகலாம், என்ன கேட்கலாம் என்று யாரும் எழுதுவதில்லை. நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு. பள்ளியின் இரும்பு ஸ்லைடிங் கேட் கழன்று விழுந்ததில் அவன் கால் நசுங்கிவிட்டது. கேட் பல நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது என்று வாட்ச்மேனே சொன்னார். மறுநாள் நிர்வாகத்திலிருந்து ரெண்டு பேர் ஆப்பிள் பையோடு வார்டுக்கு வந்து, ஆஸ்பத்திரி பில்லை நாங்களே கட்டிவிடுகிறோம் என்றார்கள். கூடவே 20 ரூபாய் பத்திரம் ஒன்று, டைப் அடித்துத் தயாராக: 'என் மகனின் கவனக்குறைவால் நடந்த விபத்து, மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை.' அப்பா லோடுமேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "அதே ஸ்கூல்லதானண்ணே படிக்கணும்" என்றார் என்னிடம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நஷ்டஈடு கேட்கும் உரிமை அப்பாவுடையது இல்லை, அந்தப் பையனுடையது. வழக்கு நடக்கும்போது மைனர் சார்பில் சமரசம் செய்துகொள்ளக்கூடக் கோர்ட் அனுமதி வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது, அப்படியிருக்க வார்டில் எழுதி வாங்கிய காகிதத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. சிவில் வழக்குப் போட மைனருக்கு 18 வயது முடிந்த பிறகும் அவகாசம் இருக்கிறது. 'பையனின் கவனக்குறைவு' என்பதும் லேசில் எடுபடாது, சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் அளவுக்குக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

உண்மையில் கேஸ் கெடுவது வேறு இடத்தில். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். பதட்டத்திலோ பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிக்கொடுத்தோ 'விளையாடும்போது விழுந்துட்டான்' என்று சொல்லிவிட்டால், பல வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நடந்ததை அப்படியே சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அதேபோல புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கையில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும், பதிவு செய்யவே மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம்.

வண்டி மோதியது என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், ஆனால் 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது. சம்பாதிக்காத குழந்தைக்கு என்ன பெரிதாகக் கிடைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஹரியானாவில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு டிராக்டர் விபத்தில் மூளை பாதித்தது, தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம், உச்ச நீதிமன்றம் 2020ல் அதை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைதானே என்று பார்க்காமல் தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கில் எடுத்தார்கள், அவளைப் பார்த்துக்கொள்ள ரெண்டு ஆளுக்கு மாதச் சம்பளமும் சேர்த்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியை எதிர்த்து என்ன செய்துவிட முடியும் என்பவர்களுக்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1996ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டார்கள், பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. குடும்பம் விடவில்லை, 2015ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.80 கோடி கொடுக்கச் சொன்னது. பத்தொன்பது வருஷம் ஆனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அதைப் பெருமையாக எழுத முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் ரெண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கிறது, 15100க்குப் போன் செய்தாலும் போதும். இத்தனை வருஷம் இருந்தும் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை.

தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போடுகிறீர்கள், நல்ல பழக்கம். குழந்தை அடிபட்ட செய்திக்குக் கீழேயும் 'இலவச சட்ட உதவிக்கு 15100' என்று ஒரு வரி போடுங்கள். இடம் போதவில்லை என்றால் 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்பதை எடுத்துவிட்டாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திண்டுக்கல்